ஓடிட்டர் தின்ற வாழைப்பழம்

பழத்தை வாங்குகிறவர் தின்பார், விற்கிறவர் நிறுப்பார், நான் அரைப்பேன். பதினொரு வருடமாக இதுதான் என் தொழில். கொட்டாஞ்சேனையில், கீழே ஒரு ஹார்ட்வெயார் கடையும் மேலே நாங்களுமாக இருக்கிற சிறிய தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் நான் இரசாயனப் பகுப்பாய்வாளர். காயை அவசரமாகப் பழுக்க வைக்கிற மருந்து, திராட்சையை ஊத வைக்கிற மருந்து, அன்னாசியைப் பருவம் பார்க்காமல் பூக்க வைக்கிற மருந்து, இவற்றில் ஏதாவது பழத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். கடதாசியில் இவற்றுக்குத் தாவர வளர்ச்சிச் சீராக்கிகள் என்று பெயர். சந்தையில் எல்லாமே மருந்துதான்.

பப்பாசியைக் கையில் எடுத்து, மணந்து, சந்தேகப்பட்டு, திருப்பி வைத்து, பிறகு வேறு வழியில்லாமல் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி. வாருங்கள்.

என் மூக்கு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் பவளமக்கா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கும் நேரம் அவருக்கு மனப்பாடம். சந்தை வாசலில் பழத்துடன் நிற்பார். "பிள்ளை, இதை ஒருக்கா மணந்து பாத்துச் சொல்லும், மருந்தோ இல்லையோ எண்டு" என்பார். கலியாண வீட்டிலும் இதே கதைதான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர் வாழைப்பழத்தை உரிக்க முன் என் முகத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் பழக்காரருக்கு முன்னாலேயே நான் பொறுமையாக விளக்கினேன். மருந்து மணக்காது அக்கா, பழத்தை அரைக்க வேண்டும், வடிக்க வேண்டும், மெஷினுக்குள் விட வேண்டும், குறைந்தது இரண்டு நாள் செல்லும் என்றேன். பழக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பவளமக்கா பப்பாசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நாலு வருசம் கம்பஸ் போயும் ஒரு பழத்தை மணந்து பாக்கத் தெரியேல்லை. என்னத்தைத்தான் படிப்பிச்சவங்களோ!"

ஐந்து திராட்சை

புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணியின் கிளாக்கர் வந்தார். கையில் அரக்கு முத்திரை வைத்த கடித உறை. உள்ளே ஐந்து திராட்சை. யாரோ ஒருவர் பழக்கடைக்காரர் மீது வழக்குப் போடப் போகிறாராம். எங்களுக்குக் குறைந்தது ஒரு கிலோ வேண்டும் என்றேன். மிச்சத்தைக் கட்சிக்காரரின் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள் என்றார். சரி, இந்த ஐந்தையும் அரைத்தால் போதுமா பார்க்கலாம் என்று உறையைப் பிரிக்கப் போனேன். மனுசர் பாய்ந்து என் கையிலிருந்து உறையைப் பறித்தார். அரைக்கக்கூடாதாம், அது சாட்சிப் பொருளாம். அரைக்காமல் பார்க்க முடியாது என்று மூன்று தரம் சொன்னேன். நாலாவது தரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள் அரைச்சுப்போட்டுத் தந்தா, ஐயா கோட்டில எதைக் காட்டுறது? ஜூஸ் போத்திலையோ?"

சைபர் எடுத்த வாழை

இனி வரப்போகும் கதை முழுவதும் ஒரு வாழையில் தொங்குகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

எங்கள் மெஷின் ஒன்றைத் தனியாக அளந்து சொல்லாது, ஒப்பிட்டுத்தான் சொல்லும். சந்தேகப்பட்ட வாழைப்பழத்தை அளக்க வேண்டுமென்றால், மருந்தே படாத வாழைப்பழம் ஒன்றையும் பக்கத்தில் அளக்க வேண்டும். பழம் தன்பாட்டில் காட்டுகிறதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் மருந்து என்று எழுதலாம். அந்த மருந்து படாத பழத்தை நாங்கள் பிளாங்க் என்போம். கொழும்பில் பிளாங்க் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. கடைசியில் எங்கள் வரவேற்பு மேசையில் மாதிரிகளைப் பொறுப்பெடுக்கிற அன்ரனிதான் கைகொடுத்தார். மட்டக்குளியில் அவருடைய அக்கா டெய்சியின் வீட்டுக் கொல்லையில் ஒரு கதலி வாழை நின்றது. அரிசி கழுவின தண்ணீரைத் தவிர வேறெதையும் அது கண்டதில்லை.

நாங்கள் அந்தக் குலையை வாங்கி, நன்றாகச் சோதித்து, எல்லா மருந்துக்கும் நேரே பூச்சியம் போட்ட அறிக்கையின் பிரதியொன்றை டெய்சி அக்காவுக்கு மரியாதைக்காக அனுப்பினோம். அவர் அதைச் சுவரில் மாட்டிவிட்டு அன்ரனியிடம் சொன்னாராம்:

"எல்லாத்துலயும் சைபர் எடுத்ததுக்கு என் மகன் அடி வாங்கினான். இந்த வாழை சைபர் எடுத்து சர்டிஃபிகேட் வாங்கியிருக்கு!"

பெரிய மனுசர் வருகை

எங்களைப் போன்ற இடங்களுக்குத் தரச்சான்று இருக்கிறது. அதைக் காப்பாற்ற வருடத்துக்கு ஒரு தரம் தணிக்கைக்கு ஓடிட்டர் வந்து கொப்பி கொப்பியாகப் புரட்டுவார். இந்த வருடம் வந்தவர் சிரிக்கத் தெரியாத மனுசர். குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த 'உணவுப் பொருள் வைக்கக்கூடாது' என்ற அறிவித்தலை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கள் தர முகாமையாளர் நிலந்தி மிஸ் காலையிலிருந்தே கொப்பிகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

பத்தரைக்குத் தேநீர் போனது. தட்டில் பிஸ்கட்டும், அழகாக அடுக்கிய கதலிப் பழமும் இருந்தன. ஓடிட்டர் முதலில் ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. ஐந்தாவதை உரிக்கும்போது முதன்முதலாகச் சிரித்து, "நல்ல பழம், எங்கே வாங்கினீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். நிலந்தி மிஸ் மகிழ்ந்துபோனார். நான் மட்டும் அந்தப் பழத்தின் காம்பைப் பார்த்தேன், நானே எழுதி ஒட்டிய இலக்கத்தின் பாதி இன்னும் அதில் இருந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்த பிளாங்க் சீப்பு முழுவதும் தட்டில் இருந்தது. தட்டைக் கொண்டுவந்த அன்ரனியை வெளியே இழுத்துக்கொண்டு போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"என்ன மிஸ், கடையில நல்ல பழம் இல்ல. பெரிய மனுசனுக்கு மருந்தடிச்ச பழத்தையா குடுக்குறது?"

வாழைக்காயை நம்பினேன்

இனி என்னுடைய குற்றம். ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கிழமை எங்கள் பெரிய மெஷின் பழுதாகி, வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை காத்திருந்தோம். அதனால் பழைய முறையில் வேலை செய்தோம். அரைத்த பழத்தைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கடுமையான காரக் கரைசல் விட்டு, இறுக்கி மூடிச் சூடாக்குவோம். பழுக்க வைக்கிற மருந்து இருந்தால் அது உடைந்து எத்திலீன் என்ற வாயுவாகக் கிளம்பும். அதைச் சின்ன மெஷின் அளக்கும். ஓடிட்டர் இன்னும் கொப்பி புரட்டிக்கொண்டிருந்த அன்று பின்னேரமே ஒரு சுப்பர்மார்க்கட்டின் வாழைப்பழ மாதிரிக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. பழுத்த பிளாங்க் பெரிய மனுசரின் வயிற்றில். ஆனால் அதே குலையின் காய்ச்சீப்பு ஒன்று களஞ்சியத்தில் பச்சையாகக் கிடந்தது. அதே மரம், அதே குலை, வாழை வாழைதானே என்று அந்தக் காயை அரைத்துப் பிளாங்காக வைத்தேன். காரம் விடாமலும் ஒரு குப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்று முறையில் இருக்கிறது. அவசரத்தில் அதையும் விட்டேன்.

காயில் வாயு ஒன்றுமில்லை. சுப்பர்மார்க்கட் பழத்தில் மளமளவென்று கிளம்பியது. அளவுக்கு மேல் மருந்து இருக்கிறது என்று எழுதி, கையெழுத்து வைத்து, ஐந்து மணிக்கு முன் அனுப்பினேன். உடனே அங்கிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் எடுத்தார்.

"தேங்க்ஸ் மிஸ். உங்கட ரிப்போட் மட்டும்தான் எப்பவும் டைமுக்கு வரும்."

புகை அறை

எட்டு நாள் கழித்து வரவேற்பு மேசையில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டு, கையில் என்னுடைய அறிக்கையின் பிரதி. இராசரத்தினம் அண்ணை. அந்தச் சுப்பர்மார்க்கட்டுக்கு இருபது வருடமாக வாழைப்பழம் கொடுக்கிறவர். என்னுடைய கடதாசி போன மறுநாளே அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். விசயம் பரவி மற்றக் கடைகளும் நிறுத்திவிட்டன. மாத முடிவுக்குள் தன் பழத்தில் மருந்தில்லை என்று காட்டாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ பிள்ளை, இந்தா பின்தெருதான்" என்று மட்டும் கேட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். சின்னச் செங்கல் அறை. உள்ளே குலை குலையாக வாழை, மூலையில் ஒரு தகரத்தில் தேங்காய்ப் பொச்சு புகைந்தது, கதவிடுக்கில் ஈரச் சாக்கு. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வெளியே வேலையாட்கள் ஆறு பேர் சும்மா குந்தியிருந்தார்கள். பக்கத்தில் விற்காமல் கறுத்துப்போன பழம் கிடந்தது, இலையான் மொய்த்தது. தகப்பன் காலத்திலிருந்து பழுக்க வைக்கிறது புகையில்தான், வேறொன்றும் தெரியாது என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் பதினொரு வருடத் திமிர் லேசில் விடுமா? மெஷின் பொய் சொல்லாது அண்ணை, ஏதாவது மருந்து வாங்கிப் பாவித்திருப்பீர்கள் என்றேன். அவர் தகரத்துப் பொச்சைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னார்:

"நான் மருந்து எடுக்கிறது எனக்குச் சுகருக்கு மட்டும்தான் பிள்ளை. அதுவும் களுபோவில ஆஸ்பத்திரியில சும்மா தாறது."

அரிசி வாளி

அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பட்டர்ஃப்ரூட் வாங்கினேன். கல்லு மாதிரிக் காய். குசினியில் வழக்கம்போல அரிசி வாளியைத் திறந்து, காயை அரிசிக்குள் புதைத்து, சீக்கிரம் பழுக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் வைத்து மூடப்போனேன். மூடி கையிலேயே நின்றுவிட்டது. பழுத்த பழம் தானாகவே எத்திலீன் விடும். அதுதானே பக்கத்துக் காயைப் பழுக்க வைக்கிறது! காய்க்கு அந்த மூச்சு இல்லை. நான் மூச்சு விடாத காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு விட்ட பழத்தைக் கள்ளன் என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் அரிசி வாளிக்குத் தெரிந்த விசயம் இது. எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். வங்கியில் வேலை முடிந்து வந்த என் கணவர், என்ன நடந்தது என்று பதறிக் கேட்டார். வாழைக்காயிலிருந்து புகை அறை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்:

"அப்ப நீர் அந்த மனுசனில பிழை பிடிச்சது, வாழைப்பழம் மூச்சு விட்டதுக்கோ?"

மட்டக்குளி பஸ்

விடிந்ததும் வேலையைத் திருப்பித் தொடங்கினேன். ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை உறையவைத்து ஒரு மாதம் வைத்திருப்போம். அந்தப் பாதி இருந்தது. இராசரத்தினம் அண்ணையிடம் புதிதாகவும் ஒரு சீப்பு வாங்கினேன். இனி வேண்டியது பழுத்த பிளாங்க். டெய்சி அக்காவிடம் கடைசிச் சீப்பு ஒன்று இருந்தது, அதை மாதா கோயில் திருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். ஒரு மனுசரின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று அன்ரனி சொன்னதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாராம். அன்ரனி ஓட்டோ பிடிக்காமல் வேலை நேரத்துச் சனத்தோடு பஸ்ஸில் தொங்கி வந்து சேர்ந்தார். பையைத் திறந்தேன். பாதிப் பழம் நசிந்து களியாகிக் கிடந்தது. நான் தலையில் கை வைத்தேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எப்படியும் அரைக்கத்தானே மிஸ் போறீங்க? பாதி வேலைய நான் பஸ்ஸிலயே முடிச்சிட்டேன்."

காரணம் என்ற கட்டம்

காரம் விட்ட குப்பி, விடாத குப்பி, டெய்சி அக்காவின் நல்ல பழம், நசிந்த பழம், இராசரத்தினம் அண்ணையின் பழையது, புதியது என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். காரம் விட்டாலும் விடாவிட்டாலும் அண்ணையின் பழத்தில் ஒரே அளவு வாயு. டெய்சி அக்காவின் பழத்திலும் அவ்வளவுதான். மருந்து இருந்திருந்தால் காரம் விட்ட குப்பியில் அளவு கூடியிருக்கும். இது பழத்தின் சொந்த மூச்சு, மருந்து துளியும் இல்லை. பிறகு பெரிய மெஷினைத் திருத்தியதும் அதுவும் இதையே சொன்னது.

சந்தோசம் ஒரு பக்கம். மறுபக்கம், அனுப்பிய அறிக்கையைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. 'பிழைக்கான மூல காரணம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. ஆள் மாறியது, கவனக்குறைவு என்று மழுப்பலாம். ஆனால் மழுப்பினால் அண்ணையின் பெயர் முழுதாகச் சுத்தமாகாது என்று பட்டது. காரம் விடாத குப்பியை வைக்காதது என் பிழை என்று முதலில் எழுதினேன். அடுத்த வரியில், பழுத்த பிளாங்க் இல்லாமற்போனதற்குக் காரணம், அது தணிக்கைக்கு வந்தவருக்குத் தேநீருடன் பரிமாறப்பட்டது என்று எழுதினேன். வேலை போனாலும் போகட்டும் என்று நிலந்தி மிஸ்ஸிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். திட்டுவார் என்று நின்றேன். கடைசியில் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்துக்கொண்டே, சிங்களத்தில், மெல்லிய குரலில் சொன்னார்:

"அடுத்த வருடம் இந்தக் கட்டத்தை வாசிக்கப்போகிறவரும் அதே ஓடிட்டர்தானே?"

அரைக்க வேண்டாம்

திருத்திய அறிக்கையைச் சுப்பர்மார்க்கட்டுக்கு அனுப்பிவிட்டு, பிரதியை நானே பின்தெருவுக்குக் கொண்டுபோனேன். தபாலில் போட்டிருக்கலாம்தான். மனம் விடவில்லை. மாத முடிவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. இராசரத்தினம் அண்ணை கடதாசியைத் தூரப் பிடித்து, 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லில் விரலை வைத்து வாசித்தார். என்னுடைய பிழைதான் அண்ணை, உங்களைக் கள்ளன் ஆக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. கறுத்த பழம் கிடந்த இடத்தைப் பார்த்தார். "முதல் கடதாசியிலயும் இதே கையெழுத்துத்தானே" என்றார். ஓம் என்றேன்.

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. சுப்பர்மார்க்கட்காரர். நாளைக்கே பழம் அனுப்பச் சொன்னார்கள். ஆறு பேரும் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புகை அறைக் கதவுக்குப் போனார்கள். நானும் மெல்ல நழுவப் பார்த்தேன். அண்ணை கூப்பிட்டார். தங்க நிறத்தில் பழுத்த ஒரு சீப்பை எடுத்து, சாக்கால் துடைத்து, என் கையில் வைத்தார். பதினொரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பழத்தை என் கையில் தந்திருக்கிறார்கள். இந்த வசனத்தை ஒருவரும் சொன்னதில்லை.

"இதைக் கொண்டுபோய் அரைக்காதையுங்கோ பிள்ளை. ஒருக்காத் திண்டு பாருங்கோ."

அங்கேயே நின்று ஒன்றைத் தின்றேன், ஓடிட்டர் ஏன் ஐந்து தின்றார் என்று அப்போதுதான் விளங்கியது. ஆகவே பப்பாசியை மணந்து மணந்து களைத்துப்போன என் சொந்தங்களே, கொழும்பில் மருந்து படாத பழம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒன்றில் பின்தெருவுக்குப் போய்ப் புகையில் கண்ணைக் கசக்குங்கள், அல்லது எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஓடிட்டராக வாருங்கள்.